ட்ரக்டர் பெட்டி செய்யும் குடும்பம் படுக்கைப் பெட்டி செய்யலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செங்கலடிப் பட்டறை

வணக்கம். எங்களுடையது குடும்பப் பட்டறை. அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் ட்ரக்டருக்கும் லேண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கும் பின்னால் இழுக்கிற பெட்டி அடிக்கிறோம். பெரும்போக அறுவடை நெருங்கும்போது கை ஓயாது. அது முடிந்தால் கேட், கிரில், தண்ணீர்த் தாங்கிக்கு ஸ்டாண்ட் என்று சில்லறை வேலைதான்.

அறுகம்பையில் தங்குமிடம் நடத்துகிற ஒருவர் அண்மையில் வந்து போனில் ஒரு படம் காட்டினார். காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, பின்கதவைத் தூக்கினால் சமையல் தட்டு. எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். இதைச் செய்து தர முடியுமா, நன்றாக வந்தால் இன்னும் எடுப்பேன் என்கிறார்.

இரும்பு வேலை எங்கள் கையில் இருக்கிறது. மச்சான் ஓடாவி, மரவேலைக்காரர். அக்கா தைப்பாள். வேண்டிய கை எல்லாம் வீட்டுக்குள்ளேயே உண்டு. ஆனால் இது ஒரு பெட்டியோடு போகிற வேலையா, ஒரு குடும்பம் நம்பி இறங்கக்கூடிய தொழிலா? எதால் செய்வது, என்ன விலை சொல்வது, பதிவு எப்படி?

ரொறொன்ரோவில் ஒரு களுவாஞ்சிக்குடியான்

நல்ல கேள்வி தம்பி. பக்கவாட்டில் கண்ணீர்த்துளி வடிவம் இருப்பதால் இங்கே 'டியர் ட்ரொப்' என்பார்கள். அந்தப் பெயரில் தேடினால் கனக்க வரைபடம் கிடைக்கும்.

அமெரிக்காவில் 1930களில் ஆட்கள் தங்கள் வீட்டு முற்றத்தில் தாங்களே செய்யத் தொடங்கியது இது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் மிஞ்சிய அலுமினியத் தகடு மலிவாகக் கிடைத்தது. 1947இல் ஒரு சஞ்சிகையில் வரைபடம் வெளிவந்ததும் இன்னும் பரவியது. எட்டுக்கு நாலு என்ற அளவு பிளைவுட் பலகையின் அளவேதான். ஒரு பலகை தரை, ஒவ்வொரு பலகை பக்கச் சுவர், வெட்டி எறிகிற துண்டு மிகக் குறைவு. செங்கலடியில் வாங்குகிற பலகையும் அதே அளவுதான், ஆகவே அந்தக் கணக்கு உங்களுக்கும் சரிவரும். வட அமெரிக்காவில் இன்றும் இதைச் செய்கிற பல பட்டறைகள் தகப்பன், பிள்ளைகள் என்று நடக்கிற சின்னப் பட்டறைகளே.

அந்த வரைபடங்களை அப்படியே எடுக்க வேண்டாம். இங்கே வலப்பக்கம் ஓடுகிறோம், அதனால் ஒரு கதவு மட்டும் வைப்பவர்கள் வலப்பக்கம் வைப்பார்கள். அங்கே அப்படி வைத்தால் இறங்குகிற ஆள் ஓடுகிற பஸ்ஸுக்கு முன்னால் இறங்குவார். கதவு இடப்பக்கம் வரவேண்டும், முடிந்தால் இரண்டு பக்கமும். வயரிங்கும் அப்படித்தான். அமெரிக்கச் சின்னப் பெட்டிகளில் பிரேக் லைட்டும் சிக்னலும் ஒரே சிவப்பு பல்பில் வரும். நம்முடைய வாகனங்களில் சிக்னல் தனி, மஞ்சள். ஏழு பின் உள்ள சொக்கட் போட்டுக்கொள்ளுங்கள்.

பொத்துவில் கரை

ஆள் பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை இங்கே அலை விளையாட்டுக்கு வருகிறவர்கள் ஒரே அறையில் இருக்க விரும்புவதில்லை. விடியற்காலையில் அலை எழும்புகிற ஒரு முனை, பின்னேரம் இன்னொரு முனை, அடுத்த நாள் பாணமை, ஒகந்தை என்று போய்க்கொண்டே இருப்பார்கள். உள்ளூர்க் குடும்பங்களும் இப்போது கூடாரத்தோடு வருகின்றன.

இரண்டு விஷயம். ஒன்று மணல்: ஒல்லியான டயர் போட்டால் கரையில் இறக்கியதும் புதையும். இரண்டாவது யானை. லாகுகல, பாணமை, குமண எல்லாம் யானை நடமாடும் இடம். பின்பக்கச் சமையல் பெட்டிக்குள் வாழைப்பழமும் அரிசியும் வைத்துவிட்டு முன்பக்கம் ஆள் படுத்திருப்பது ஆபத்து. வாடகைக்கு விடுகிறவர் எந்த இடத்தில் நிறுத்தலாம், எங்கே நிறுத்தக்கூடாது என்று எழுதியே கொடுக்கவேண்டும்.

ஏறாவூர் கராஜ்

தம்பி, நான் வாகனத்துக்குக் கீழே படுத்தே வயது போன ஆள். மற்றவர்கள் மெத்தையும் கதவும் பிறகு சொல்லட்டும், நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: எடை.

ட்ரக்டர் பெட்டி செய்து பழகிய கைக்கு இரும்பு கூடக்கூட நிம்மதி. அதில் தவறில்லை, நெல் மூட்டையும் மணலும் செங்கல்லும் ஏற்றுகிற பெட்டி அது. அதை இழுப்பது உழவு இயந்திரம், போகிற வேகம் சைக்கிள் வேகம். இந்தப் பெட்டியை இழுக்கப்போவது வேனோ காரோ, A4 வீதியில் 60, 70இல். உள்ளே இரண்டு மெத்தை, இரண்டு பை, ஒரு அடுப்பு. எடைக்காகச் செய்கிற பெட்டிக்கும் வேகத்துக்காகச் செய்கிற பெட்டிக்கும் ஒரே கணக்குப் போடக்கூடாது.

கணக்குப் பார்ப்போம். தரைச் சட்டம், குறுக்குச் சட்டங்கள், கொக்கி வரை நீளுகிற ஏர்க்கால் எல்லாம் சேர்த்துச் சுமார் 13 மீட்டர் இரும்பு போகும். நீங்கள் வழமையாகப் போடுகிற நாலு அங்குலச் சனல் ('ப' வடிவ இரும்பு) என்றால் மீட்டருக்கு ஒன்பது கிலோவுக்கு மேல். சட்டம் மட்டுமே 120 கிலோ வந்துவிடும். அதையே 50க்கு 50, 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள பொக்ஸ் பாரில் (சதுரக் குழாய்) செய்து, ஏர்க்காலுக்கு மட்டும் 75க்கு 50 போட்டால் 60 கிலோவுக்குள் முடியும். பாதி! பிளைவுட்டும் அப்படித்தான். 12 மில்லிமீட்டர் பலகை ஏறத்தாழ 20 கிலோ, 18 மில்லிமீட்டர் 30 கிலோ. பயத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு படி கூட்டினால் 400 கிலோவில் முடிகிற பெட்டி 700இல் நிற்கும். ஐரோப்பாவில் பிரேக் இல்லாத பெட்டிக்கு மொத்த எடை 750 கிலோதான் எல்லை. அவர்கள் சும்மா வைத்த இலக்கம் இல்லை அது. இங்கே ஓடுகிற சின்னக் கார்கள் பலவற்றுக்கு இழுவை எடை என்றே கம்பனி ஒன்றும் குறிப்பதில்லை, அவற்றில் கொக்கி போட்டுக் கொடுக்கவே வேண்டாம்.

எவ்வளவு எடை என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் உண்டு. கொக்கியில் இறங்குகிற எடை மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. 450 கிலோ பெட்டி என்றால் 45 கிலோவாவது மூக்கில் இருக்கவேண்டும். குளியலறைத் தராசு ஒன்றை வாங்கி, பெட்டியை மட்டமாக நிறுத்தி, கொக்கியின் கீழே வைத்துப் பார்த்தாலே தெரியும். பின்னால் பாரம் கூடினால் வேகம் எடுக்கும்போது பெட்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கும். பயந்து பிரேக்கை அமத்தினால் இன்னும் கூடும், எக்ஸிலேட்டரை விட்டு வேகத்தை இறங்கவிடுவதுதான் வழி. இந்த வடிவத்தில் சமையல் பின்னால் இருப்பதால் பாரம் இயல்பாகவே பின்னுக்குப் போகும். அதனால் அச்சை நடுவில் வைக்காதீர்கள். எட்டடிப் பெட்டிக்கு முன் சுவரிலிருந்து ஐந்தடி அளவில் வையுங்கள், பெற்றரியையும் ஸ்பெயார் டயரையும் முன்னால் கொண்டுபோங்கள்.

மட்டு வாசகன்

இதை யாராவது வடிவாக எடுத்து வையுங்கள். தமிழில் இப்படி எழுதியதை நான் எங்கும் காணவில்லை.

செங்கலடிப் பட்டறை

கராஜ் காக்கா, அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூக்கு எடையை உடனே ஒத்துக்கொண்டார். மெல்லிய இரும்புக்கு மட்டும் மாட்டேன் என்கிறார். பாணமை தாண்டி ஒகந்தைக்குப் போகிற கிரவல் ரோட்டில் 3 மில்லிமீட்டர் வெடிக்கும், எங்கள் பெட்டி ஒன்றுகூட உடைந்து திரும்பி வந்ததில்லை, அந்தப் பெயரை இழக்கமுடியாது என்பது அவர் கதை.

ஏறாவூர் கராஜ்

அவர் பேச்சு நியாயமான பேச்சு. பெயர்தான் பட்டறைக்கு முதல். ஆனால் கிரவல் ரோட்டில் வெடிப்பது இரும்பு மெல்லியதால் மட்டும் இல்லை. லேண்ட்மாஸ்டர் பெட்டிக்குப் பெரும்பாலும் ஸ்பிரிங் கிடையாது, ரோட்டின் அடி முழுவதையும் சட்டம்தான் வாங்குகிறது. இதற்குப் பட்டை ஸ்பிரிங் போடுங்கள், அதுவும் பெட்டியின் எடைக்கு ஏற்ற மெல்லிய கட்டு. வேன் ஸ்பிரிங்கை அப்படியே தூக்கிப் போட்டால் அது மடங்கவே மடங்காது, ஸ்பிரிங் இல்லாததும் அதுவும் ஒன்றுதான்.

வெடிப்பு வருகிற இடம் ஏர்க்கால் முன் சட்டத்தைத் தொடுகிற மூலை. அங்கே பாரைக் குறுக்கே சுற்றி வெல்ட் பண்ணவேண்டாம், நீளவாட்டில் பண்ணுங்கள். ஏர்க்காலை முன் சட்டத்தோடு முடிக்காமல் உள்ளே அடுத்த குறுக்குச் சட்டம் வரை கொண்டுபோய்ப் பிடியுங்கள். மூலைக்கு முக்கோணத் தகடு. கொக்கி 50 மில்லிமீட்டர் உருண்டைப் பிடி, அதோடு பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். அப்பாவுக்கு மனம் ஆறவில்லையென்றால் இரண்டு மாதிரியையும் ஒவ்வொரு மீட்டர் வெட்டித் தராசில் வைத்துக் காட்டுங்கள்.

வாழைச்சேனை பைபர்

நாங்கள் பைபர் போட் செய்கிறவர்கள். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் இந்த வேலை கனபேருக்குத் தெரியும். கூரையை முழுப் பைபரில் ஒரே துண்டாக எடுங்கள் என்பது என் யோசனை. படுக்கைப் பெட்டியில் முதலில் ஒழுகுவது கூரையும் சுவரும் சேருகிற பொருத்து. ஒரே துண்டாக மேலே கவிழ்த்து, விளிம்பைச் சுவருக்கு வெளியே இறக்கிவிட்டால் மாரி மழையிலும் தண்ணீர் உள்ளே வர வழியில்லை. 450 கிராம் மெட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒரு படைக்கு, ரெசினோடு சேர்த்து, சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோதான். கூரைக்கு இரண்டு படையும் நடுவில் விலா மாதிரி சில பட்டியும் போதும்.

ஆனால் மோல்ட் செய்யவேண்டும், அதற்குக் காசு போகும். ஒரு பெட்டிக்கு என்றால் வேண்டாம். தொடர்ந்து செய்வதாக முடிவெடுத்தால் மட்டும்.

நீங்களே கலக்கப் போகிறீர்களென்றால் ஒரு எச்சரிக்கை. ரெசினை இறுக்குகிற ஹார்ட்னரையும் அதை வேகப்படுத்துகிற கோபால்ட்டையும் ஒருநாளும் நேராகச் சேர்க்காதீர்கள், வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி இல்லாமல் வாளியைத் திறக்கவேண்டாம். நம்முடைய வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகும், காலையில் வெயில் ஏற முன்னர் வேலையை முடியுங்கள். இறுகிய பிறகும் மணம் போகாது. சில நாள் வெயிலில் திறந்து காயவிடாமல் அதற்குள் ஆளைப் படுக்க வைக்கக்கூடாது.

நிந்தவூர் ஓடாவி

பைபர் தம்பி சொன்னதில் கூரை சரி. சுவருக்கு நான் பலகையைத்தான் சொல்வேன். பலகைச் சுவரில் ஆணி அடிக்கலாம், தட்டுப் பொருத்தலாம், ஓட்டை விழுந்தால் பொத்துவிலிலோ மொனராகலையிலோ எந்த ஓடாவியும் திருத்துவார். பைபர் உடைந்தால் ரெசின் தேடி ஓடவேண்டும். 2022இல் ரெசின், மெட் விலை எங்கே போனது என்று போட் செய்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மரீன் பிளைவுட் என்று கடையில் எழுதியிருப்பதை நம்பிவிடாதீர்கள். ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்கி, பானையில் போட்டுச் சில மணி நேரம் கொதிக்கவையுங்கள். படை பிரியாவிட்டால் பசை நல்லது. பிரிந்தால் அது அலுமாரிப் பலகை, தரைக்குப் போட்டால் ஒரு மாரிகூடத் தாங்காது. வெட்டிய விளிம்புதான் தண்ணீர் குடிக்கிற வாய். எப்பொக்சி பூசி, காய்ந்ததும் திரும்பவும் பூசவேண்டும். ஆணிக்குத் துளைத்த ஓட்டைக்குள்ளும் பூசவேண்டும். உள் சட்டத்துக்கு முதிரை, பாலை என்று பார மரத்துக்கு ஆசைப்படாதீர்கள், அது வீட்டு நிலைக்கு. கராஜ் காக்கா குறைத்துத் தந்த எடையை எங்கள் பக்கத்தால் திரும்ப ஏற்றக்கூடாது. வேறு இடத்திலிருந்து மரம் ஏற்றினால் அனுமதிப் பத்திரத்தைக் கையில் வைத்திருங்கள்.

கடலோரம் ஓடுகிற பெட்டிக்கு ஸ்க்ரூ எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ். அலுமினியத் தகடு இரும்பை நேரே தொடுகிற இடத்தில் நடுவில் ரப்பர் வையுங்கள். உப்புக் காற்றில் இரண்டும் ஒட்டியிருந்தால் அலுமினியத்தை அரித்துவிடும்.

வாழைச்சேனை பைபர்

பலகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை ஓடாவி. ஆனால் பத்து வருடம் கடலில் கிடந்த பைபர் போட்டைக் காட்ட என்னால் முடியும். பத்து வருடம் மழையில் நின்ற பலகைப் பெட்டியை நீங்கள் காட்டுங்கள்.

மருதமுனைத் தையல்

ஆண்கள் எல்லோரும் வெளிப்பக்கத்தையே கதைக்கிறீர்கள். உள்ளே படுக்கப்போகிற ஆளை நினைத்துப் பாருங்கள். குளிர் நாட்டில் உருவான பெட்டி அது, கதவைச் சாத்திச் சூடாகப் படுக்கிற மாதிரி. ஜூன், ஜூலையில் கச்சான் என்கிற சூடான காற்று அடிக்கும்போது இங்கே வீட்டுக்குள்ளேயே படுக்கமுடியாது. நாலடி உயரப் பெட்டிக்குள் இரண்டு பேர் எப்படிப் படுப்பது?

என் யோசனை: இரண்டு பக்கக் கதவிலும் பெரிய சன்னல், நேருக்கு நேர். கூரையில் மூடித் திறக்கிற ஒரு வாயும் அதில் 12 வோல்ட் விசிறியும். எல்லாத் திறப்புக்கும் நுளம்பு வலை, கழற்றிக் கழுவுகிற மாதிரி. வெளியே வெள்ளை நிறம் மட்டும். கடற்கரையில் இரவானால் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும், ஆகவே ஒரு சன்னல் மேற்கைப் பார்க்க நிறுத்தவேண்டும் என்று வாடகைக்கு எடுக்கிறவருக்குச் சொல்லிக்கொடுங்கள். மெத்தைக்குக் கனத்த ஸ்பொஞ்ச் வேண்டாம், வேர்க்கும். இரண்டு துண்டாக மடிகிற மெத்தையும் மேலே ஒரு பன்பாயும் போதும். திரைக்கும் உறைக்கும் எங்கள் ஊர்க் கைத்தறி இருக்கிறது. பருத்தி, துவைக்கலாம், நிறமும் நன்றாக நிற்கும்.

இன்னொன்று. தம்பி 'அக்கா தைப்பாள்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார். மெத்தை உறை, வலை, திரை, சாமான் போடுகிற பைகள், மழைக்கு முன்னால் விரிக்கிற தறப்பாள் என்று ஒரு பெட்டிக்கு எத்தனை தையல் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். வெளியே கொடுத்தால் கூலி கொடுப்பீர்கள். வீட்டில் செய்தால் அது விலையில் சேராது. பிறகு, விலை குறைவு, ஆனாலும் இலாபம் என்று நினைப்பீர்கள். அந்த இலாபம் அக்காவின் கண்ணும் முதுகும்தான். முதல் பெட்டியிலிருந்தே அவருக்கும் மச்சானுக்கும் நாட்கூலி எழுதுங்கள். அதைச் சேர்த்தும் விற்கக்கூடிய விலை வந்தால் அது தொழில். வராவிட்டால் வேண்டாம்.

பொத்துவில் கரை

ராத்தா சொன்னது முழுக்கச் சரி. இங்கே தங்குமிடம் நடத்துகிற குடும்பங்களிலும் இதே கதைதான். சமைக்கிற, துவைக்கிற பெண்ணின் கூலி கணக்கில் இல்லை.

மட்டு வாசகன்

படுக்கைப் பெட்டியைவிட ரோட்டோரச் சாப்பாட்டு வண்டியாகச் செய்தால் இங்கே இன்னும் விரைவாக விற்குமே? அல்லது கதிர்காமப் பாதயாத்திரைக்குப் போகிற வயதானவர்கள் படுக்க?

ஏறாவூர் கராஜ்

சாப்பாட்டு வண்டி வேறு கணக்கு. ஆள் நின்று வேலை செய்ய உயரம் வேண்டும், உயரம் கூடினால் பாரமும் காற்றுப் பிடிப்பும் கூடும். இரண்டையும் ஒரு சட்டத்தில் செய்யப்போனால் ஒன்றும் சரிவராது. பாதயாத்திரைக்காரர்களுடன் ஒகந்தை வரைக்கும் போகலாம். அதற்கு அங்கால் குமண, யால காட்டுப் பாதை, நடக்கிறவர்களுக்கு மட்டும்.

ரொறொன்ரோவில் ஒரு களுவாஞ்சிக்குடியான்

காஸ் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், ஒழுகினால் கீழே தேங்கும். சிலிண்டர் வைக்கிற பெட்டியின் அடியில் வெளியே திறக்கிற ஓட்டை இருக்கவேண்டும், படுக்கிற பகுதியோடு எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. மழை என்று பின்கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பை எரிப்பதும் வேண்டாம் என்று கதவின் உட்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், அக்கரைப்பற்று

பதிவு பற்றி ஒரு சொல். ட்ரக்டர் பெட்டிக்கு எப்படித் தனிப் பதிவும் இலக்கத் தகடும் உண்டோ அப்படித்தான் இதுவும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு, இரும்பு வெட்டுவதற்கு முன்னரே, அளவு போட்ட வரைபடத்தோடும் எடைக் கணக்கோடும் போங்கள். பெட்டியைச் செய்து முடித்துவிட்டுப் போனால், மாற்றச் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் வெட்டி ஒட்டவேண்டிவரும். எந்த அனுமதிப்பத்திர வகுப்புக்கு எவ்வளவு எடைப் பெட்டி இழுக்கலாம் என்பதையும் அங்கேயே எழுத்தில் கேளுங்கள், வாங்குகிறவர் உங்களிடம் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு சட்டத்திலும் இலக்கம் பொறித்து, இரும்பு வாங்கிய பில்லையும் பத்திரப்படுத்துங்கள். காப்புறுதிக்காரரிடமும் பேசுங்கள். வாடகைக்கு ஓடுகிறதா, சொந்தப் பாவனையா என்பதில் தொகை மாறும்.

செங்கலடிப் பட்டறை

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் இருந்து கதைத்தோம். இரண்டு இரும்பையும் தராசில் வைத்துக் காட்டியதும் அப்பா இறங்கி வந்தார். பொக்ஸ் பார், ஆனால் மூலைத் தகடு அவர் சொல்கிற தடிப்பில். அதை நான் மறுக்கவில்லை. சுவர் பலகை, கூரைக்கு இப்போதைக்கு மெல்லிய பிளைவுட்டின் மேல் ஒரு படை பைபர். மோல்ட் பிறகு பார்க்கலாம். அக்கா இந்த இழை முழுவதையும் வாசித்தாள். அவளுக்கும் மச்சானுக்கும் நாட்கூலி என்று கொப்பியில் எழுதிவிட்டோம்.

அறுகம்பைக்காரருக்கு முதல் பெட்டியை விற்கப்போவதில்லை. சீசன் முழுவதும் அவர் இடத்தில் நிற்கும், வாடகையில் பங்கு. எங்கே நெளிகிறது, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துத் திருத்திய பிறகுதான் விலை சொல்வது என்று முடிவு. வாகன இறக்குமதி 2020இல் நின்று 2025இல்தான் திரும்பத் திறந்தது, காசுள்ளவர்கள் இப்போது புது வாகனத்துக்கே ஓடுகிறார்கள், அதனால் அவசரப்பட்டு நாலைந்து செய்து அடுக்கவும் மாட்டோம். அடுத்த கிழமை வரைபடத்தோடு அலுவலகத்துக்குப் போகிறேன்.

கராஜ் காக்காவிடம் ஒன்று: சில்லு பூட்டுகிற பழைய ஹப் தேடுகிறோம், எந்த வாகனத்துடையதை எடுப்பது?

ஏறாவூர் கராஜ்

எந்தக் கடையிலும் பெயரிங் கிடைக்கிற வாகனத்துடையதை எடுங்கள். வெல்லவாயவில் ஞாயிற்றுக்கிழமை பெயரிங் போனால் அங்கேயே வாங்கிப் போடக்கூடியதாக இருக்கவேண்டும். அறுகம்பைக்காரர் எந்த வாகனத்தால் இழுக்கப்போகிறார் என்று கேளுங்கள். முடிந்தால் அதே நட் அளவு, அதே ரிம். அப்படியென்றால் ஒரு ஸ்பெயார் டயர் இரண்டுக்கும் போதும், பத்துப் பதினைந்து கிலோ மிச்சம். ஹப்பைக் கொண்டுவாருங்கள், அச்சில் ஏற்ற முன்னர் நான் ஒருமுறை பார்க்கிறேன்.